மூன்று காசு, மூன்று பெண்கள் – கடிதம்

வணக்கம்.

வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய)ப் போன எங்கள் பாட்டையாவின் பெட்டகத்தில் மூன்று காசுகள் கிடந்தன. மூன்றிலும் ஒரு பெண். பெரிய செம்பு நிறக் காசில் சூலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வெள்ளைக் காசில் ஈட்டியும் கேடயமுமாக நிற்கிறாள். கனத்த வெள்ளிக் காசில் தலையைச் சுற்றிச் சூரியக் கதிர். இவர்கள் கிரேக்க தேவதைகளா, நம் பாரத மாதா மாதிரியா? புளி போட்டுத் துலக்கலாமா?

மு., காரைக்குடி

அன்புள்ள மு.,

முகத்தை விட்டுவிடுங்கள், மூவருக்கும் ஏறக்குறைய ஒரே ரோமானிய முகம்தான். கையிலும் தலையிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சூலக்காரி பிரிட்டானியா, பிரிட்டனின் பெண்ணுருவம். ரோமர்கள் தாங்கள் பிடித்த மாகாணத்தைப் பெண்ணாக்கிக் காசில் பொறித்தார்கள். பிடிபட்ட நாடே பிற்பாடு அவளைத் தன் பெருமையாக்கிக்கொண்டது. 1672இல் இங்கிலாந்தின் செம்புக் காசில் வந்தபோது அவள் கையில் ஈட்டியும் ஆலிவ் கிளையும்தான். கடற்படை பலம் ஓங்கிய காலத்தில், 1797இல், ஈட்டி சூலமானது. உங்களுடையது 1860 முதல் வந்த ஒரு பென்னி என்றால் குறுக்களவு 31 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆண்டு தேய்ந்துபோயிருந்தால் அவளுக்குப் பின்னால் கலங்கரை விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 1860 முதல் 1894 வரை இருந்தது, 1895இல் எடுத்தார்கள், 1937இல் திரும்ப வைத்தார்கள்.

நிற்பவள் சுவிட்சர்லாந்தின் ஹெல்வேஷியா. கேடயத்தில் சிலுவை இருக்கும். சுற்றியுள்ள நட்சத்திரங்களை எண்ணுங்கள், மாநிலத்துக்கு ஒன்று. 22 என்றால் 1982 அல்லது அதற்கு முந்தையது. ஜூரா 1979இல் தனி மாநிலமானது. நட்சத்திரம் 23 ஆனது 1983 காசில்தான். (மாநிலங்கள் 26 ஆயிற்றே என்பீர்கள். ஆறு அரை மாநிலங்களை மூன்றாகக் கணக்கிடுகிறார்கள்.) ஒரு ஃபிராங்க் என்றால் நகைக்கடைத் தராசில் வையுங்கள். 5 கிராம் என்றால் வெள்ளி, 4.4 என்றால் 1968 முதல் வந்த செம்பு நிக்கல். சுவிஸ் சில்லறையில் வேறொரு பெண் தலையும் உண்டு. பலரும் அவளையும் ஹெல்வேஷியா என்றே எழுதுகிறார்கள். தலைப்பட்டையில் ‘லிபர்ட்டாஸ்’ என்று பொறித்திருக்கும். அவள் சுதந்திர தேவி, நாடு அல்ல.

இதே குழப்பம்தான் உங்கள் மூன்றாவது காசிலும். அது பிரெஞ்சு இந்தோசீனாவின் (சைகோன் அடங்கிய பிரெஞ்சு ஆட்சிப் பகுதி) பியாஸ்தர் என்ற வெள்ளி நாணயம். கதிர்முடியோடு உட்கார்ந்திருப்பவள் 1848ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு முத்திரையில் இருப்பவளின் சாயல். சுதந்திரமும் குடியரசும் அங்கே ஒரே பெண்ணுக்குள் கலந்துவிட்டன. மரியான் என்று பெயர் சொல்லி அழைப்பதும் அவளைத்தான். மரியானின் வழக்கமான அடையாளம் முன்பக்கம் மடிந்து விழும் சிவப்புக் குல்லாய், ஆனால் அது புரட்சி வாடை அடிக்கிறது என்று ஒதுக்கியவர்களும் பிரான்சிலேயே உண்டு. குல்லாய் இல்லை என்பதற்காக மரியான் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அடிமை நாட்டுக் காசில் சுதந்திர தேவியை உட்காரவைத்தவர்களின் துணிச்சலை என்ன சொல்ல!

காசைத் திருப்பினால் எடையை அதிலேயே எழுதியிருப்பார்கள்: ஆரம்ப வருடங்களில் 27.215 கிராம், பிறகு 27. வெள்ளியின் சுத்தம் ஆயிரத்துக்கு 900. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ போலி. இந்தக் காசுக்குப் போலிகள் ஏராளம்.

பாரத மாதா உருவான விதம் வேறு. 1905இல் அபனீந்திரநாத் தாகூர் வரைந்தவளுக்கு நான்கு கைகள், காவி உடை. சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. ஆயுதம் கிடையாது. 1936இல் காந்தி திறந்துவைத்த காசி பாரத மாதா கோயிலில் பெண்ணுருவே இல்லை. சலவைக்கல்லில் செதுக்கிய நாட்டு வரைபடம்தான் மூலவர்.

புளி வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் பழுப்பேறிய மேற்பரப்பைத் தின்றுவிட்டு இளஞ்சிவப்பாகப் பளபளக்கவிடும். சேகரிப்பவர் அப்படிப்பட்ட பென்னியைத் தொடமாட்டார். தேய்த்தால் மெல்லிய கலங்கரை விளக்கமும் மழுங்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு ஊறவைத்து அலசி, பருத்தித் துணியில் ஒற்றியெடுங்கள். பிறகு ஓரத்தைப் பிடித்தே எடுங்கள்.