கடையில் கணக்குப் பார்த்ததை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

கேள்வி: நான் 2016இல் பி.காம். முடித்தேன். 2017 முதல் 2022 வரை காரைக்குடியில் என் அம்மானுடைய (தாய்மாமனுடைய) இரும்பு, சிமெண்டுக் கடையில் கணக்கு முழுவதையும் நான்தான் பார்த்தேன். டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி இரண்டும் தெரியும். திருமணம், குழந்தை என்று பிறகு வேலைக்குப் போகவில்லை. இப்போது திருச்சி, மதுரை நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தால் யாரும் அழைப்பதில்லை. சம்பளத்தைக் கையில்தான் வாங்கினேன் என்பதால் சம்பளச் சீட்டு எதுவும் என்னிடம் இல்லை. ஒரு கன்சல்டன்சியில், "கடையை எழுதினால் மதிக்க மாட்டார்கள், எடுத்துவிடுங்கள், சென்னை நிறுவனம் ஒன்றின் பெயரில் இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தயார் செய்து, ரெஸ்யூமையும் மாற்றித் தருகிறோம்" என்று 15,000 ரூபாய் கேட்கிறார்கள். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். பட்டச் சான்றிதழின் அசலையும் கேட்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, பள்ளத்தூர்

பதில்: மீதி 13,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள், பட்டச் சான்றிதழின் அசலை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருக்கும் ரெஸ்யூமைப் படித்த பிறகு, உங்களை யாரும் அழைக்காததற்கும் சான்றிதழ் இல்லாததற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று பக்க ரெஸ்யூமில் முதல் அரைப்பக்கம் ‘நோக்கம்’ என்ற தலைப்புக்குப் போய்விட்டது. அதன்கீழ் கடின உழைப்பாளி, நேர்மையானவர், எதையும் விரைவில் கற்பவர் என்று குணங்கள் அணிவகுக்கின்றன. அவற்றுக்கும் கீழே பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டவணை. கடை எங்கே என்று தேடினால், இரண்டாம் பக்கத்தின் அடியில் ‘தனியார் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர், ஐந்து ஆண்டுகள்’ என்று ஒற்றை வரி கிடக்கிறது. கடையின் பெயரோ ஊரோ அது என்ன வியாபாரம் என்பதோ அதில் இல்லை. ஒரு பதவிக்குக் கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைப் பார்க்கிறவர் முதல் பக்கத்தின் மேல்பாதியில் வேலை தெரியவில்லை என்றால் இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார். உங்களை அவர் ‘படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்’ என்று நினைத்திருப்பார். அப்படி நினைக்கும்படிதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

உறவினர் கடையில் பார்த்த வேலை அனுபவமாகுமா என்று தயங்குகிறீர்கள். ஆகும். செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு கடையை நடத்தும் மேலாளாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் வாழ்ந்த பகுதியில் இருந்துகொண்டு, கடைக் கணக்கை மதிக்கமாட்டார்கள் என்று ஒருவர் சொல்வதையும் அதை நீங்கள் நம்புவதையும் என்னவென்று சொல்வது! ஒரு நிறுவனம் பார்ப்பது கடை யாருடையது என்பதை அல்ல, அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

ஆகவே ‘நோக்கம்’ முழுவதையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் உங்களைப் பற்றி இரண்டே வரி எழுதுங்கள்: வணிகவியல் பட்டதாரி, கட்டுமானப் பொருள் விற்பனை நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் முழுக் கணக்கையும் பார்த்தவர், டேலியிலும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலிலும் பயிற்சி உள்ளவர். அதற்கு நேர் கீழே கடை வரவேண்டும். கடையின் முழுப்பெயர், காரைக்குடி, இரும்பு மற்றும் சிமெண்டு விற்பனை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பவற்றை எழுதி, பதவியைக் ‘கணக்காளர்’ என்று குறிப்பிடுங்கள். முழுக் கணக்கையும் தனியாகப் பார்த்தவர் தம்மை உதவியாளர் என்று எழுதிக்கொள்வது அடக்கம் அல்ல, பிழை.

அதன்பின் செய்த வேலைகளை எழுத வேண்டும். ‘அனைத்துக் கணக்கு வேலைகளையும் கவனித்தேன்’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்களே சொல்லியிருப்பவைதாம் ரெஸ்யூமுக்கு வேண்டியவை. மாதம் ஏறத்தாழ 250 விற்பனைப் பில்களை டேலியில் பதிந்தேன் என்கிறீர்கள். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்தேன் என்கிறீர்கள். கொள்முதல் பில்களை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பியுடன் ஒத்துப்பார்த்து, பில் ஏற்றாத சப்ளையர்களைத் தொலைபேசியில் பிடித்து ஏற்றவைத்தேன் என்கிறீர்கள். சரக்கின் பேரில் வங்கி கடன் தரும் கேஷ் கிரெடிட் கணக்குக்காக மாதாமாதம் சரக்கிருப்பு அறிக்கை கொடுத்தேன் என்கிறீர்கள். ஆண்டு முடிவில் டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) எடுத்து ஆடிட்டரிடம் ஒப்படைத்தேன் என்கிறீர்கள். இந்த ஐந்தையும் ஐந்து வரிகளாக, எண்ணிக்கையும் தேதியும் விடாமல் எழுதுங்கள். ரெஸ்யூம் ஆங்கிலத்தில் இருக்கப்போகிறது என்பதற்காக அலங்காரச் சொற்களைத் தேட வேண்டாம். கணக்குப் பிரிவில் இருக்கிற எவரும், சரக்கிருப்பு அறிக்கை கொடுத்தவர் என்ற ஒரு வரியைப் பார்த்தவுடனேயே உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று கணித்துவிடுவார். எழுதும் ஒவ்வொரு வரியையும் நேர்காணலில் கேள்வியாக மாற்றுவார்கள் என்பதால், செய்யாத எதையும் சேர்க்காதீர்கள்.

இனி ஆதாரம். அம்மானிடம் கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் கடையின் ஜிஎஸ்டி எண், நீங்கள் பணியாற்றிய காலம், பார்த்த வேலைகள், அவருடைய கையெழுத்து, தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். அதைவிட வலுவானது கடையின் ஆடிட்டர் கொடுக்கும் கடிதம். ஆண்டுதோறும் உங்கள் கையிலிருந்து டிரையல் பேலன்ஸை வாங்கியவர் அவர், உறவினரும் அல்லர். கடைக் கணக்கில் உங்கள் சம்பளம் செலவாக எழுதப்பட்டிருந்தால், அதை அவரே உறுதிசெய்யவும் முடியும். உறவு முறையை ரெஸ்யூமில் எழுதத் தேவையில்லை. நேர்காணலில் கேட்டால் மறைக்கவும் கூடாது.

கன்சல்டன்சிக்காரர் சொன்னதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வியாபாரம் இப்போது மாவட்டம் தவறாமல் நடக்கிறது. அவர் உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் சான்றிதழ், பெயரை மட்டும் மாற்றிப் பலருக்கும் விற்கப்படுகிற காகிதம். வேலையில் சேரும் நாளில் வருங்கால வைப்பு நிதிக்கான படிவம் 11ஐ நீட்டி, இதற்கு முன் உறுப்பினராக இருந்தீர்களா, வைப்பு நிதி உறுப்பினருக்குத் தரப்படும் உங்கள் யுஏஎன் எண் என்ன என்று கேட்பார்கள். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்கு வைப்பு நிதி கட்டாயம். சென்னையில் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் சொல்லும்; உங்களுக்கோ யுஏஎன் எண்ணே இருக்காது. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம், மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையனே போதும். ஆனால் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் உங்கள் அம்மானின் கடைக்கு வைப்பு நிதி பொருந்தாது. அங்கே பணியாற்றியவருக்கு யுஏஎன் இல்லாதது இயல்பு, அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உண்மையை எழுதினால் கேள்வியே எழாத இடத்தில், பணம் கொடுத்துக் கேள்வியை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் அவர். மேலும், போலி ஆவணம் என்று தெரிந்தே அதை அசலாகக் காட்டுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். அகப்பட்டால் வேலையையும் பெயரையும் இழப்பவர் நீங்கள். விற்றவர் அதற்குள் பெயர்ப்பலகையை மாற்றி அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

முறையான கன்சல்டன்சி தன் கட்டணத்தை ஆள் கேட்கும் நிறுவனத்திடம்தான் வாங்கும். வேலை தேடுகிறவரிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை அவர்கள் கேட்பது சரிபார்க்க அல்ல. மீதிப் பணம் வரும்வரை அடமானமாக வைத்துக்கொள்ளத்தான். சரிபார்ப்பதற்கு நகலும் டிஜிலாக்கரும் போதும். இன்னொன்று: உங்கள் ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்தில் ஆதார் எண், பான் எண் இரண்டையும் அச்சிட்டிருக்கிறீர்கள். ப்ரௌசிங் சென்டரில் யாரோ சேர்க்கச் சொன்னார்களாம்! முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அனுப்பும் காகிதத்தில் அவை இருக்கக்கூடாது, இன்றே நீக்குங்கள்.

வேலைக்குப் போகாத ஆண்டுகளை மறைக்க வேண்டாம். கடையை விட்ட தேதியைத் தள்ளிப்போடுவதும் வேண்டாம். ‘2022 முதல் குடும்பப் பொறுப்பு, குழந்தை வளர்ப்பு, இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். அந்த இடைவெளியில் மாறியவை உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவர்களுடைய உண்மையான கவலை. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு, பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகியிருக்கிறது. 2024 அக்டோபரில் சப்ளையர் ஏற்றும் பில்களை ஏற்கவோ மறுக்கவோ ஐஎம்எஸ் என்ற வசதி ஜிஎஸ்டி தளத்தில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறி, நீங்கள் 28 சதவீதம் போட்டுப் பழகிய சிமெண்டுக்கு இப்போது 18 சதவீதம். அம்மானின் கடையில் போய் ஒரு மாதக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் இவை கைவந்துவிடும். அப்படிச் செய்தபின் அதையும் ரெஸ்யூமில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

புகைப்படம், தந்தை பெயர், கணவர் பெயர், மதம், சாதி, பிறந்த தேதி, பொழுதுபோக்கு, ‘மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்று இடமும் தேதியும் போட்டு முடிக்கும் பத்தி ஆகியவை திருச்சியிலோ மதுரையிலோ உள்ள தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமில் தேவையில்லை. கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரியை நகலெடுத்துக் கொடுத்து, பிள்ளைகளின் தலையில் இவற்றை ஏற்றிவைத்திருக்கிறார்கள். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் செட்டிநாட்டிலேயே வேலை தேடவும் நேரலாம் என்பதால் சொல்கிறேன். இங்குள்ள அறக்கட்டளைப் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் சிலவற்றின் அலுவலகங்களில் இன்னும் ‘பயோடேட்டா’ என்றுதான் கேட்பார்கள். புகைப்படம் ஒட்டி, தந்தை அல்லது கணவர் பெயரும் சொந்த ஊரும் எழுதி, நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அவை இல்லாத காகிதத்தை அரைகுறை என்று கருதும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு பிரதி தயாரித்து, முதல் பக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இரண்டாம் பக்கத்தில் இந்த விவரங்களைச் சேருங்கள். ஒரே பிரதியை இரண்டு இடத்துக்கும் அனுப்பாதீர்கள். அங்கேயும் சாதி விவரம், அவர்கள் தரும் படிவத்தில் கேட்டிருந்தால் மட்டும், படிவத்தில் எழுதினால் போதும்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் உங்கள் தந்தையின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், ரெஸ்யூமில் இரண்டும் சேர்ந்து. ரெஸ்யூமில் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டத்தைச் சரிபார்ப்பது அந்தப் பெயரில்தான்.

கடைசியாகக் கோப்பு. நீங்கள் அனுப்பியிருப்பது அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியது. பல நிறுவனங்களிலும் வேலைத் தளங்களிலும் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது; ஸ்கேன் செய்த பக்கம் பல நேரம் அதற்கு வெறும் படம். இரட்டை நெடுவரிசை, அட்டவணை, வண்ணக் கட்டங்கள் இருந்தாலும் வரிகள் குழம்பிப்போகும். வேர்டில் ஒரே நெடுவரிசையாகத் தட்டச்சு செய்து, அங்கிருந்தே பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதைத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் மென்பொருளும் அப்படியே படிக்கும். இத்தனையும் செய்து ஏற்றிய பிறகு, அதே விவரங்களைக் கட்டம் கட்டமாக மறுபடியும் தட்டச்சு செய்யச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன. கடைசிச் சம்பளச் சீட்டை இணைக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடாத தளங்களும் இருக்கின்றன. லட்சக்கணக்கானவர்கள் கடையிலும் பட்டறையிலும் கைச்சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நாட்டில் இப்படி ஒரு படிவத்தை வடிவமைத்தவர், வெளியே வந்து எதையும் பார்த்திருக்கமாட்டார். அந்த இடத்தில் ஆடிட்டர் கடிதத்தை ஏற்றுங்கள்.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைத் தளத்தில் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் கட்டணம் இல்லை. முகாமுக்குப் போகும்போது ஒரு பக்க ரெஸ்யூமின் பிரதிகளோடு கடைக் கடிதத்தின் நகல்களையும் கொண்டுபோங்கள். கன்சல்டன்சியிடம் கொடுத்த 2,000 ரூபாயை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டாலும், அந்தப் பணத்தை மீட்பதற்காக மீதியைக் கட்டிவிடாதீர்கள். ஆடிட்டரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30 என்பதால், அது நெருங்கிவிட்டால் அவரிடம் கடிதம் வாங்குவது நடக்காது.