கைதட்டலுக்கு நடுவே நிற்கும் பிள்ளை

அன்புள்ள அக்கா,

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வருகிறார்கள். இந்த ஆண்டு பரிசளிப்பு விழாவில், தேர்வு அடைவுக்கு மட்டும் இல்லாமல், அன்பான செயலுக்கும் துணிவான செயலுக்கும் விருது கொடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. இரண்டு பேரை யோசித்து வைத்திருக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து கிடக்கும் ஈயக்குட்டையில் விழுந்துவிட்ட சிறுவனைக் குதித்துக் காப்பாற்றினான். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, பசியோடு வரும் வகுப்புத் தோழிக்குப் பல மாதங்களாகத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து வருகிறாள். காப்பாற்றப்பட்ட சிறுவனையும் சாப்பாடு பெற்ற பிள்ளையையும் மேடையில் பக்கத்திலேயே நிறுத்தி, சிறப்பு விருந்தினர் கையால் விருது கொடுத்தால் பார்ப்பவர்கள் மனம் நெகிழும் என்கிறார்கள்.

கேடயம் நல்லதா, ரொக்கம் நல்லதா? புள்ளி போட்டுத் தேர்ந்தெடுப்பதா? முதலாம் ஆண்டுப் பிள்ளைகளையும் சேர்க்கலாமா? இப்படிக் கொடுத்தால் பரிசுக்காகவே நல்லது செய்யப் பழகிவிடுவார்களே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாகவே இந்த விஷயம்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் தாய்மார்களின் படங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார். வாங்குபவர் தரையைப் பார்க்கிறார்.

முதலில் உங்கள் சங்கத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் நிறுத்தப்படும்வரை நம் பள்ளிகளில் பரிசளிப்பு விழா என்றால் ‘ஏ’க்களை எண்ணும் விழாதான். எத்தனை ஏ என்று கேட்ட பிறகுதான் பிள்ளையின் பெயரையே கேட்பார்கள். மற்றவர்களுக்குக் கைதட்டியே ஆறு ஆண்டுகளை முடித்துக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களிடமும் பாராட்டத்தக்கது இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம்.

புள்ளி போடுவதைப் பற்றி: போடாதீர்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம், அதற்கு நான் தேவையில்லை.

சக ஆசிரியரின் கேள்வி நியாயமானது. ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. பெரியவர் ஒருவர் ஒரு பொருளைக் கீழே நழுவவிட்டு எட்டி எடுக்க முடியாமல் நிற்பார். குழந்தை தானாகப் போய் எடுத்துக் கொடுக்கும். சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு விளையாட்டுப் பொருள் கிடைத்தது. சிலருக்கு வாய்ச்சொல்லாக ஒரு பாராட்டு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. பொருள் பெற்றுப் பழகிய குழந்தைகள், பிறகு அது நின்றதும் மற்ற இரு பிரிவினரைவிடக் குறைவாகவே உதவின. உங்கள் பிள்ளைகள் வளர்ந்தவர்கள்தான், இருந்தாலும் கேடயத்துக்கும் ரொக்கத்துக்கும் முன்னால் இதை வைத்து யோசியுங்கள். நல்ல வார்த்தை கெடுதல் செய்யவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்த ஐந்தாம் ஆண்டுப் பையனை நினைத்தால் அள்ளி அணைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் டீச்சர், அவன் குதித்ததை மேடையில் கொண்டாடினால், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் குதிப்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள். பேராக்கில் வளர்ந்த நமக்கு ஈயக்குட்டைகளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே அமைதியாகத் தெரியும், கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் காலுக்குத் தரை இருக்காது. மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவான். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போய்விடுவான். கத்திக் கூப்பிடு, கயிறோ கழியோ நீட்டு, மூடி போட்ட காலி எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி எறி, 999க்கு அடி, நீ இறங்காதே. இதை ஒவ்வொரு பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கேடயத்தை மட்டும் கொடுக்கும் பள்ளியை நான் மன்னிக்க மாட்டேன்.

இந்தியாவில் சிறுவர்களுக்கான வீரதீர விருது தொடங்கியதே ஒரு சாரணச் சிறுவனால்தான். 1957 அக்டோபர் 2ஆம் தேதி டெல்லி ராம்லீலா மைதானத்தில், பிரதமர் நேரு உட்கார்ந்திருந்த நிகழ்ச்சியில் பந்தல் தீப்பிடித்தது. 14 வயதுப் பையன் ஒருவன் மேலே ஏறி, தன்னிடம் இருந்த சாரணர் கத்தியால் எரியும் துணியை அறுத்துவிட்டான். அவன் கையில் கத்தி இருந்தது, அதை எதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதும் தெரிந்திருந்தது. துணிவை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, இனி அந்த நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர். கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் என்னை உட்கார விடவில்லை. சாப்பாடு பெற்ற பிள்ளையையும் மேடையில் நிறுத்தப் போகிறோம் என்கிறீர்களே, அந்த வரி.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். எனக்கும் அண்ணனுக்கும் வரக்கோப்பி இருக்கும், சம்பளம் போட்ட வாரமாக இருந்தால் பிஸ்கட்டும் இருக்கும். பள்ளியில் ஓய்வு மணி அடித்ததும் என் பக்கத்தில் ஒரு தோழி வந்து உட்காருவாள். பச்சை நிறப் பிளாஸ்டிக் டப்பா, மூடியின் ஒரு மூலை உடைந்திருக்கும். திறந்த கையோடு தோசையை இரண்டாகப் பிய்த்து, சம்பல் அதிகம் ஒட்டிய பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். “அம்மா நிறைய வச்சிட்டாங்க, மிச்சம் கொண்டுபோனா அடி விழும்” என்பாள். மிச்சத்துக்கு அடிக்கிற அம்மா இல்லை அவர். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் தினமும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் டப்பாவை நகர்த்துவாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்குவத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

இதை ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், எங்கள்மேல் பாசம் உள்ளவர். திங்கட்கிழமை சபைகூடலில் அவளை முன்னால் அழைத்தார். இவளைப் போல எல்லாரும் இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார். அப்புறம் என் பெயரைச் சொல்லி, “நீயும் வாம்மா” என்றார். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாத தோழிக்கு இவள் உணவு கொடுக்கிறாள் என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார். பள்ளியே கைதட்டியது. ஆறாம் ஆண்டு வரிசையில் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் கைதட்டவில்லை.

மாலைக்குள் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. “இனிமே யார்கிட்டயும் கை நீட்டாதே” என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவரும் சாப்பிடவில்லை. மறுநாள் ஓய்வு மணி அடித்ததும் நான் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே நின்றேன். தோழி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் தேடியது தெரிந்தது. சில நாள் தேடினாள். பிறகு விட்டுவிட்டாள். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, ஆனால் பழையபடி பக்கத்தில் உட்கார எங்களால் முடியவில்லை. நான் பசியோடு இருந்தேன். அவள் தனியாகச் சாப்பிட்டாள். பென்சில் பெட்டி கொடுத்ததில் நடந்தது இதுதான்.

மனம் நெகிழும் என்கிறீர்கள். யாருடைய மனம்? முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவரின் மனமா? அவர் நெகிழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளை மறுநாள் அதே வகுப்புக்குத்தான் வர வேண்டும், அதே பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும். இப்போது கைப்பேசியும் இருக்கிறது. எங்கள் காலத்தில் கைதட்டல் அன்றோடு ஓய்ந்தது. இன்று யாராவது எடுத்து டிக்டாக்கில் போட்டால், அவள் கல்யாணம் வரைக்கும் அது கூடவே வரும். ஒரு குழந்தையின் பசியைக் காட்டி இன்னொரு குழந்தையைப் பாராட்டும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? அவள் தாயிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தாலும், தலைமையாசிரியர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துத் தாய் முடியாது என்று சொல்வாளா?

நம் பேராக்கிலேயே ஒருவர் இருந்தார். ஈப்போவைத் தாண்டிப் போனால் பாப்பான் என்று சிறிய ஊர். ஜப்பான்காரன் காலத்தில் அங்கே சிபில் கார்த்திகேசு என்ற தாதி, கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு சேர்ந்து, காட்டிலிருந்து காயத்தோடு வந்த எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாக வைத்தியம் பார்த்தார். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. சின்னஞ்சிறுமியான அவர் மகளைக் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டுவதாக மிரட்டினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்து பிரிட்டிஷ் அரசு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. வாங்கிய சில மாதங்களில், பட்ட காயங்களின் விளைவாலேயே 1948இல் இறந்துபோனார். அவருடைய வீரம் எது? தன்னிடம் உதவி பெற்றவர் யார் என்பதை உயிர் போனாலும் சொல்லாமல் இருந்தது. பசித்த தோழியின் பெயரை ஒருவரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் டப்பாவைப் பகிர்ந்துகொள்ளும் உங்கள் மாணவி அந்தப் பெண்மணியின் பக்கத்தில் நிற்கிறவள். பெயரை வெளியே சொல்லத் துடிப்பவர்கள் நாம்தான்.

அப்படியானால் அவளைப் பாராட்டவே வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளி முத்திரையோடு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு, அவள் பெற்றோருக்கு. ‘நன்னெறி மிக்க மாணவி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். உங்கள் மகள் இன்ன செயலைச் செய்கிறாள், யாருக்கும் தெரியாமல் செய்கிறாள், நாங்கள் கவனித்தோம், இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்கு நன்றி என்று எழுதுங்கள். அதிலும் மற்றப் பிள்ளையின் பெயர் வேண்டாம். தோட்டத்துப் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் வயிற்றில் புளி கரைக்கும். பையன் அடிதடி செய்தானா, புத்தகத்தைத் தொலைத்தானா, பணம் கட்டவில்லையா என்றுதான் பிரிப்பார்கள். நல்ல செய்திக்கு ஒரு கடிதம் வந்தது என்று அந்த வீட்டில் பல வருஷம் பேசுவார்கள்.

விழாவில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று சங்கத்தார் பிடிவாதமாக இருந்தால், பெயர் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லுங்கள். நம் பள்ளியில் இப்படி ஒன்று நடந்தது என்றால் போதும். செய்தவளுக்குத் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியும். பையனுக்குச் சான்றிதழ் கொடுங்கள், கையோடு தீயணைப்புப் படையான பொம்பாக்காரர்களை அழைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கயிறு எறியக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். காப்பாற்றப்பட்ட சிறுவன் மேடைக்கு வர வேண்டியதில்லை, தண்ணீரைக் கண்டாலே இன்னும் நடுங்கிக்கொண்டிருப்பான்.

கடைசியாக ஒன்று, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஒரு பிள்ளை பல மாதங்களாகப் பசியோடு வருகிறாள் என்கிறீர்கள். நான்காம் ஆண்டுச் சிறுமி அதைக் கண்டுபிடித்துத் தன்னால் ஆனதைச் செய்துவிட்டாள். பெரியவர்கள் நீங்கள் என்ன செய்தீர்கள்? விருதுக்குத் திட்டம் போட்டீர்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக அரசாங்கத்தின் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறதே, ஆர்எம்டி, அந்தப் பட்டியலில் அவள் பெயர் ஏன் இல்லை? தாய்க்கு விவரம் தெரியாமல் இருக்கலாம், சம்பளச் சீட்டு இல்லாமல் இருக்கலாம், பத்திரங்களில் ஏதாவது சிக்கல் இருக்கலாம். பள்ளி முடிந்ததும் ஒரு நாள் லயத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள். பாரத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். கேண்டீனில் அந்தப் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிற்க வைக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

விழா அழைப்பிதழ் எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், பெயரைக் குறிப்பிடாமல்.

அன்புடன்,
அக்கா