பழைய சார்ஜரைப் புதிய கார்களுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே ஜி.எஸ்.டி. சாலையில் டீக்கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும், உதவிக்கு ஒரு பையனும்தான். 2021-இல் ஒரு டாக்ஸி கம்பெனி கழித்த 15 கிலோவாட் மின்சார கார் சார்ஜரை (பாரத் டிசி-001 ரகம்) வாங்கி, தனி மீட்டர் எடுத்து வைத்தேன். பழைய டாக்ஸிகள் வந்தவரை ஓடியது. இப்போது வரும் கார்கள் எதற்கும் அதன் கன் (காரில் செருகும் முனை) பொருந்தவில்லை. பெங்களூரு நிறுவனம் ஒன்று, "எந்தப் புதிய காருக்கும் ஏறும்படி மாற்றித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி 1,85,000 ரூபாய் வாங்கியது. சென்ற நவம்பரில் பழைய கன்னையும் போர்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, புதிய கார்களில் உள்ள சிசிஎஸ்-2 ரகக் கன் மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு கார்கூட சார்ஜ் ஆகவில்லை. கேட்டால், "இன்னொரு போர்டு போட்டால் சரியாகிவிடும், 60,000 ஆகும்" என்கிறார்கள். பில்லில் "பணம் திருப்பித் தரப்படாது, வழக்கு பெங்களூரில் மட்டும்" என்று அச்சிட்டிருக்கிறது. இதற்கிடையே ஒரு கார்க்காரர், தன் வண்டி பழுதாகிவிட்டது, போலீசுக்குப் போவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் இன்றைக்கே அந்த சார்ஜரின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுங்கள். "இயங்கவில்லை" என்று அட்டை மாட்டி, தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி ஒரு காரையும் அதில் செருக விடாதீர்கள். இயங்காது என்று தெரிந்த பிறகும் திறந்து வைத்திருந்தால், நாளை எது நடந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அடுத்து, 60,000 ரூபாய் கொடுக்காதீர்கள். காரணம் உங்கள் சார்ஜரிலேயே ஒட்டியிருக்கிறது. அதன் பக்கவாட்டில் உள்ள தகட்டைப் பாருங்கள். வெளியீடு 48, 60, 72 வோல்ட் என்ற கணக்கில்தான் இருக்கும். 100 வோல்ட்டைத் தாண்டாது. அரசுத் துறைகளுக்காக அன்று மொத்தமாக வாங்கப்பட்ட மஹிந்திரா இ-வெரிட்டோ, முதலில் வந்த டாடா டிகோர் ஆகியவற்றின் பேட்டரி 72 வோல்ட். இந்த ரகம் அவற்றுக்காக வந்தது. 2020-இல் சிசிஎஸ்-2 வாயோடு வந்த நெக்ஸான் மின்சார காரின் பேட்டரி ஏறத்தாழ 320 வோல்ட். ஓட்டு வீட்டுத் தொட்டிக்கு வாங்கிய மோட்டாரை வைத்துக்கொண்டு, குழாயின் வாயை மட்டும் மாற்றினால் ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா?

வோல்ட் மட்டுமல்ல, பேச்சும் வேறு. பழைய கன் காரோடு 'கேன்' என்ற முறையில் பேசும். சிசிஎஸ்-2 கார், பைலட் கம்பி வழியே வேறொரு முறையில் பேசும். சார்ஜரின் வோல்ட் தன் பேட்டரியின் வோல்ட்டுக்கு நெருங்கி வந்தால்தான் கார் உள்ளே இருக்கும் காண்டாக்டரை (பேட்டரியைச் சார்ஜரோடு இணைக்கும் சுவிட்சை) மூடும். உங்கள் சார்ஜர் அந்த அளவை எட்டவே எட்டாது. மின்சாரம் மாற்றும் மாட்யூல் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதற்குப் பெயர் புது சார்ஜர். இன்னொரு போர்டு போட்டுச் சரியாகிற விஷயமே இல்லை.

உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "சரியாக ரிப்பேர் செய்யவில்லை" என்று நீங்கள் புகார் எழுதினால், "இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று வருடக்கணக்கில் இழுப்பார்கள். "செய்யவே முடியாத வேலையைச் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள்" என்று எழுதுங்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நடக்க முடியாத காரியம் என்று தெரிந்தோ, சற்றுக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் நிலையிலோ ஒருவர் வாக்குக் கொடுத்து, எதிரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருந்தால், வாக்குக் கொடுத்தவர் நஷ்டத்தை ஈடுகட்டியாக வேண்டும். தகட்டைப் படித்திருந்தாலே தெரிந்துபோகிற விஷயம் இது. சார்ஜர் தொழிலே செய்கிறவர்கள் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

எங்கே போவது? நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வணிகர், நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே சொல்லும். பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கத்தில், பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் சுயதொழிலுக்கு வாங்கியது "வணிக நோக்கம்" ஆகாது என்று இருக்கிறது. இதை 1995-இல் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில். தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவர், தானே இயக்க லேத் வாங்குபவர் நுகர்வோர்தான்; கூட ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தோற்றார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவருடையது பெரிய அளவிலான தொழில் என்று நீதிமன்றம் கண்டது. உங்கள் கடை அப்படியல்ல. ஆனால் மனுவில் அதைச் சொல்ல வேண்டும்: கடையில் யார் யார் வேலை செய்கிறீர்கள், சார்ஜரை யார் இயக்குகிறார்கள், குடும்பத்துக்கு வேறு வருமானம் உண்டா, எல்லாவற்றையும். பல நல்ல வழக்குகள் இந்த ஒரு பத்தி இல்லாததால் தள்ளுபடி ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரு போக வேண்டியதில்லை. பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்ய அனுமதிக்கிறது. பில்லில் உள்ள வரி அந்த உரிமையைப் பறிக்காது. "பணம் திருப்பித் தரப்படாது" என்பதும் அப்படித்தான். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது பிரிவு 2(47). கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு.

அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: 1,85,000 ரூபாய், வட்டி, கன் மாற்றிய நாளிலிருந்து இழந்த வருமானம். கூடவே பழைய கன்னும் போர்டும் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். அவை உங்கள் பொருள். எடுத்துப்போக அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஆதாரத்தை இப்போதே சேருங்கள். தகட்டின் படம், பில், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, முன்பு கார் செருகியபோது திரையில் வந்த பிழைச் செய்தியைப் படம் எடுத்திருந்தால் அதுவும் (இதற்காக இப்போது மறுபடி செருக வேண்டாம்). "எந்தப் புதிய காருக்கும்" என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும்விட முக்கியம். போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-இன்படி, மின்னணுப் பதிவான அந்தச் செய்திக்குரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும். அதை எப்படி வாங்குவது என்று உங்கள் வக்கீல் சொல்வார். அரசுப் பொறியியல் கல்லூரியின் மின்னியல் பேராசிரியர் ஒருவரிடம், இந்த வெளியீட்டால் இன்ன காரை ஏற்ற முடியாது என்று ஒரு பக்கக் கருத்து வாங்கிவிட்டால் வழக்கில் பாதி முடிந்தது.

இனி அந்தக் கார்க்காரர். பயத்தில் "என் தவறுதான்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சர்வீஸ் சென்டரின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கார் தன் காண்டாக்டரை மூடியதா, எந்த நேரத்தில் என்ன பிழை பதிவானது என்பது அதில் வரும். மேலே சொன்னபடி, வோல்ட் பொருந்தாவிட்டால் காரே விலகிக்கொள்ளும். எனவே பழுது வேறு காரணத்தாலும் இருக்கலாம். அறிக்கை உங்கள் சார்ஜரைத்தான் கைகாட்டுகிறது என்றால் அவருக்கு ஈடு கிடைத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அப்போது அவர் உங்கள் மேல் தொடுக்கும் வழக்கில் பெங்களூரு நிறுவனத்தையும் சேர்க்கும்படி கேளுங்கள். அறிக்கை கிடைத்ததும் ஒரு நகலோடு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

போலீஸ் பற்றி ஒரு வரி: உங்களிடம் ஏமாற்றும் நோக்கம் இல்லாதபோது இது சிவில் தகராறு. நிலையத்துக்குக் கூப்பிட்டால் ஆவணங்களோடு போய்ப் பதில் சொல்லுங்கள்.

மின் வாரியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கார் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்தியது. ஆனால் அந்த மீட்டரிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் பிரிவு 126-இன் கீழ் இரு மடங்குக் கட்டணம் போடுவார்கள்.

அந்த இணைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். டைப்-2 ஏசி சார்ஜர் ஒன்றை அதே மீட்டரில் வைக்கலாம். இப்போது ஓடும் கார்கள் பெரும்பாலும் அதை ஏற்கும். வேகம் குறைவு, ஆனால் விலையும் டிசி சார்ஜரைவிட மிகக் குறைவு. வாங்கும்போது, எந்தெந்தக் காருக்கு ஏறும் என்பதை மாடல் பெயரோடு பில்லிலேயே எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள்.