கேளுங்கோ, சொல்லுறன்: சைக்கிள் டைனமோவும் 27 கிலோமீற்றர் சுரங்கமும்

போன இதழில துணிக்கைப் பௌதிகம், ஆர்முடுக்கி (துணிக்கைகளை வேகம் எடுக்க வைக்கிற மிசின்), ஹிக்ஸ் எண்டு என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கோ எண்டு கேட்டிருந்தம். நான் மோதலில கிளம்புற துணிக்கைகளைப் பதியிற டிடெக்டர் பக்கம் கனகாலம் வேலை செய்தவள் எண்டபடியா பதில் எழுதுற பொறுப்பை ஆசிரியர் என்னட்டையே தந்திட்டார். கடிதமாவும் வாட்ஸ்அப்பிலயும் நிறைய வந்திருக்கு, ஒரே கேள்வியைக் கனபேர் கேட்டிருந்தா அதில ஒண்டைத்தான் எடுத்திருக்கிறன், கோவிக்காதேங்கோ.

கே: பிள்ளை, சுவிஸில நிலத்துக்குக் கீழ வட்டமா ஒரு மிசின் கட்டி அணுவை மோத விடுகினம் எண்டு என்ர மகன் எந்த நேரமும் அதே கதைதான். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த சனம் நாங்கள். ஒருத்தருக்கும் சோறு போடாத விசயத்துக்கு எதுக்கு இவ்வளவு காசு?
(திருநெல்வேலியிலயிருந்து ஒரு அம்மா)

ப: அம்மா, இதே கேள்வியை என்ர மாமி ஒருக்கா சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க கேட்டவ, அண்டைக்கு நான் வடிவாப் பதில் சொல்லேல்லை, அது இண்டைக்கும் மனசில கிடக்குது. முதல் மிசின் என்னெண்டு சொல்லுறன். செர்ன் எண்ட நிறுவனம், சுவிசும் பிரான்சும் முட்டுற எல்லையில ஜெனீவாவுக்குப் பக்கத்தில இருக்குது, 1954இல தொடங்கினது. அங்க நிலத்துக்குக் கீழ கிட்டத்தட்ட 100 மீற்றர் ஆழத்தில 27 கிலோமீற்றர் சுத்தளவில ஒரு சுரங்கம். எங்கட ஊர்க்கணக்கில எண்டால் யாழ்ப்பாண ரவுனில ஒரு கரையை வைச்சால் மற்றக் கரை மருதனார்மடத்தைத் தாண்டுற மாதிரி ஒரு வட்டம். அதுக்குள்ள அணுவின்ர கருவில இருக்கிற புரோத்தன் எண்ட துணிக்கைகளை ரெண்டு பக்கமா ஓட விட்டு நேருக்கு நேர் மோத விடுவினம், ஒரு செக்கனுக்கு 11,000 தரத்துக்கு மேல அந்த வட்டத்தைச் சுத்தும். 2012 ஜூலை 4ஆம் திகதி மற்றத் துணிக்கைகளுக்குத் திணிவு வாறதோட சம்பந்தப்பட்ட ஹிக்ஸ் எண்ட துணிக்கையைக் கண்டம் எண்டு அறிவிச்சது இஞ்சதான். செலவை இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் பகிர்ந்து குடுக்குதுகள்.

இப்ப காசுக்கதைக்கு வாறன். பிரயோசனம் காட்டச் சொன்னா என்னால காட்ட ஏலும். உங்கட மகன் போனில பாக்கிற வெப் அங்க பிறந்ததுதான், ஒவ்வொரு நாட்டு ஆக்களும் ஒவ்வொரு விதமான கொம்பியூட்டர் வைச்சுக்கொண்டு ஆளுக்காள் ஆவணம் பகிர ஏலாமல் கஷ்டப்பட்டதைப் பாத்து ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989இல எழுதிக் குடுத்த யோசனை அது, 1993 ஏப்பிரல் 30ஆம் திகதி செர்ன் அதை உலகத்துக்குச் சும்மா குடுத்தது, ஒரு சதம் கூட வாங்கேல்லை. ஆனா அம்மா, இதைக் காட்டி உங்கட வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனெண்டா வெப் செய்யிறதுக்காக ஒருத்தரும் செர்னைத் தொடங்கேல்லை. நாங்கள் எதால ஆனனாங்கள் எண்டு அறியத்தான் தொடங்கினது.

எங்கட யாழ்ப்பாண நூல்நிலையம் 1981இல எரியேக்க 97,000 புத்தகம் போனது. அதுக்கு இண்டைக்கும் அழுகிறம். அந்தப் புத்தகங்கள் ஆருக்கும் சோறு போடேல்லை, எண்டாலும் எங்கட வீட்டில ஒரு சாவு விழுந்த மாதிரித்தானே எல்லாருக்கும் இருந்தது. இந்த மிசினில எனக்கு இருக்கிற பாசமும் அதே இனம்தான் அம்மா, எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியேல்லை.

கே: அக்கா, ரச் ஸ்கிரீனை செர்ன் ஆக்கள்தான் கண்டுபிடிச்சவை எண்டு மச்சான் அடிச்சுச் சொல்லுறார். உண்மையோ?
(கொக்குவில் மாணவன்)

ப: பாதி உண்மை தம்பி. விரல் பட்டால் அறியிற கண்ணாடியைப் பற்றி இங்கிலாந்தில ஈ. ஏ. ஜோன்சன் எண்டவர் 1965இலயே எழுதிப்போட்டார். செர்னில 1970களின்ர தொடக்கத்தில புது ஆர்முடுக்கி ஒண்டுக்குக் கட்டுப்பாட்டு அறை தேவைப்பட்டது, ஆயிரக்கணக்கில பட்டனும் சுவிச்சும் வைச்சா அறை காணாது, அப்பதான் பிராங் பெக், பென்ற் ஸ்டும்பே எண்ட ரெண்டு பேர் கண்ணாடியில மெல்லிசாச் செப்புக்கோடு போட்டு, விரல் கிட்ட வந்தா மின்கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கிற அளவு) மாறுறதை அளந்து, பட்டன் இல்லாமலே வேலை செய்யிற ஸ்கிரீன் செய்தவை. உங்கட போனும் அந்தக் கொள்ளளவத் தத்துவத்திலதான் ஓடுது, ஆனா அங்கயிருந்து நேர போனுக்கு வரேல்லை, நடுவில எத்தினையோ பேர்ட கை பட்டிருக்கு. மச்சானோட சண்டை பிடிக்காதேங்கோ, இதை வாசிக்கக் குடுங்கோ.

கே: மோத விடேக்க கருந்துளை வந்து பூமியை விழுங்கிப்போடும் எண்டு யூடியூப்பில சொல்லுறாங்கள், பயமா இருக்கு.
(சாவகச்சேரி)

ப: பயப்பிடத் தேவையில்லை பிள்ளை. ஆகாயத்திலயிருந்து வாற அண்டக்கதிர்கள் இதைவிடக் கூடின சக்தியோட காற்றில மோதிக்கொண்டே இருக்குது, பூமி பிறந்த நாளிலயிருந்து. பூமியும் இருக்குது, சந்திரனும் இருக்குது.

கே: இந்த ஆர்முடுக்கி, காந்தம் எல்லாம் வெள்ளைக்காரன்ர பெரிய சாமான். எங்கட வீட்டில இருக்கிற ஏதாவது ஒண்டோட சம்பந்தப்படுத்திச் சொல்ல ஏலுமோ?
(சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: சேர், இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தனான்.

உங்கட வீட்டில பழைய பெட்டி ரீவி இருந்திருக்கும், உயரத்தில அன்ரெனா கட்டி இந்தியா ரீவி பாத்த காலத்து ரீவி. அதின்ர பின்பக்கம் கூம்பின மாதிரி நீளுதே, அது ஒரு ஆர்முடுக்கி. சூடான கம்பியிலயிருந்து இலத்திரன் கிளம்பும், 20,000 வோல்ற்றுக்கு மேல குடுத்து இழுப்பினம், ஒளியின்ர வேகத்தில கால்வாசிக்கு மேல வேகம் எடுத்துப் போய் கண்ணாடியில மோதி வெளிச்சம் வரும், இடையில காந்தச் சுருள் அதை வளைச்சு வளைச்சு முழுத் திரையிலயும் ஓட விடும். துணிக்கையை எடுக்கிறது, மின்புலத்தால தள்ளுறது, காந்தத்தால வளைக்கிறது, கடைசியில எங்கயாவது மோத விடுறது. செர்னில செய்யிறதும் இதுதான். அங்க ஒரு புரோத்தனுக்கு வாற சக்தி அந்த ரீவி இலத்திரனை விட ஏறத்தாழ 27 கோடி மடங்கு.

இனி டைனமோ. தொண்ணூறுகளில சண்டை நேரம் இஞ்ச கரண்ட் இல்லை, பற்றரி வரவிடமாட்டினம், ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு திரி போட்டுத்தான் நாங்கள் படிச்சனாங்கள். பின்னேரத்தில அண்ணா முத்தத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைக் கையால சுத்துவார், டைனமோவிலயிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் குடுத்து, அயலட்டைச் சனம் எல்லாம் சுத்தி நிண்டு நியூஸ் கேக்கும். கை உளைஞ்சு கொஞ்சம் மெதுவாச் சுத்தினா வாசிக்கிறவரின்ர குரல் தேய்ஞ்சு போகும், உடன எல்லாரும் சுத்தடா சுத்தடா எண்டு கத்துவினம். அப்ப எனக்கு எட்டு வயசு, டைனமோவின்ர மூடியைக் கழட்டிப் பாத்து அண்ணாட்டை அடி வாங்கினனான், உள்ளுக்குள்ள ஒரு சின்ன உருளைக் காந்தம், அதைச் சுத்திச் செப்புக்கம்பிச் சுருள், வேற ஒண்டுமே இல்லை. காந்தம் சுத்தினா கம்பியில கரண்ட் வரும் எண்டு பரடே 1831இல கண்டது. மறுவளமாக் கம்பியில கரண்ட் ஓடினா காந்தம் வரும். புரோத்தனை வட்டத்தில வளைக்க அந்தச் சுரங்கத்தில 1,232 பெரிய காந்தம் இருக்குது, ஒவ்வொண்டும் 15 மீற்றர் நீளம், எல்லாம் கம்பிச்சுருள்தான், 11,000 அம்பியர் அளவில கரண்ட் ஓடும், அவ்வளவு கரண்ட் ஓடியும் கம்பி சூடாகாமல் இருக்க திரவ ஹீலியத்தால மைனஸ் 271 பாகைக்குக் குளிராக்கி வைச்சிருப்பினம், அந்தக் குளிரில அந்தக் கம்பிக்குத் தடையே இல்லை.

அண்ணாட றேடியோ திடீரெண்டு நிண்டா முதல் பாக்கிறது வயர் முறுக்கின இடத்தைத்தான், அனேகமா அதுதான் கழண்டிருக்கும். 2008 செப்ரெம்பர் 10ஆம் திகதி அந்தப் பெரிய மிசினில முதல் முதல் புரோத்தன் ஓடினது, ஒன்பது நாளில நிண்டுபோச்சு. காரணம், ரெண்டு காந்தத்துக்கு நடுவில கம்பியைப் பொருத்தின ஒரு மூட்டு சரியாப் பிடிக்கேல்லை, அதில சின்னத் தடை வந்து சூடாகி, தொன் கணக்கில ஹீலியம் சுரங்கத்துக்குள்ள வெளியேறி, திருத்தி முடிக்க அடுத்த வருசம் நவம்பர் ஆச்சு. அதைப் பற்றி முதல் வாசிக்கேக்க எனக்கு எங்கட முத்தம்தான் ஞாபகம் வந்தது.

கே: அம்மாவுக்குப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கினம் (கதிர்ச்சிகிச்சை). வீட்டுக்கு வந்தாப்பிறகு பேரப்பிள்ளையைத் தூக்கலாமோ? ஆக்கள் பயப்பிடுத்துகினம்.
(மானிப்பாய், மகள்)

ப: தங்கச்சி, தூக்கலாம். வெளியிலயிருந்து மிசினால பிடிக்கிற கதிர் எண்டால் மிசின் நிண்டவுடன கதிரும் நிண்டுபோம், அம்மாட உடம்பில ஒண்டும் மிஞ்சாது, லைற்றை நூத்தா அறையில வெளிச்சம் மிஞ்சாத மாதிரி. மடியில வைச்சுக் கொஞ்சட்டும், ஒரே பாத்திரத்தில சாப்பிடட்டும். உடம்புக்குள்ள கதிர்மருந்து வைக்கிற சிகிச்சை வேற, உடம்புக்குள்ள படம் எடுக்கிற பெற் (PET) ஸ்கானுக்கு ஊசி போட்டாலும் வேற, அதுக்குப் போடுற புளோரின்-18 எண்ட மருந்து 110 நிமிசத்துக்கு ஒருக்கா பாதி பாதியாக் குறையும், அதால அண்டைக்குக் கொஞ்ச மணித்தியாலம் குழந்தையளுக்குக் கிட்டப் போகாதேங்கோ எண்டு சொல்லுவினம். அம்மாவுக்கு எதெண்டு டொக்டரிட்டை ஒருக்காக் கேளுங்கோ.

கரண்ட் பிடிக்கிற மிசின் லினாக் எண்டால் அதுவும் எங்கட குடும்பம்தான், உள்ளுக்குள்ள இலத்திரனை நேர்கோட்டில ஆர்முடுக்கி ஒரு உலோகத் துண்டில அடிக்க விட்டு எக்ஸ்றே எடுக்கிறது. உலகத்தில ஓடுற ஆர்முடுக்கிகளில மோத விடுறது மிகக் கொஞ்சம், பெரும்பாலானவை ஆஸ்பத்திரியிலயும் தொழிற்சாலையிலயும்தான் இருக்குது. அம்மா சுகமா இருக்கட்டும். என்ர அம்மாவும் இதே மாதிரி ஒரு மிசினுக்குக் கீழ படுத்தவதான், நான் கதவுக்கு வெளியில நிண்டு ஒவ்வொரு நாளும் அந்த இரைச்சலைக் கேட்டனான்.

கே: செர்ன் வளவுக்குள்ள நடராசர் சிலை இருக்குதாமே. விஞ்ஞானிகள் கும்பிடுகினமோ?
(நல்லூர்)

ப: சிலை இருக்குது, 2 மீற்றர் உயரம், 2004 ஜூன் 18ஆம் திகதி திறந்தது. இந்திய அரசாங்கம் செர்னோட இருக்கிற நீண்டகால உறவுக்காகக் குடுத்த பரிசு, பூசை ஒண்டும் இல்லை. ஆனா பக்கத்தில இருக்கிற பலகையில கலை ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரசுவாமி நடராசரைப் பற்றி எழுதின வசனம் இருக்குது. எங்கட இலங்கைத் தமிழர் முத்துக்குமாரசுவாமியின்ர மகன். முதல்நாள் அதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் அதில நிண்டனான்.

கே: பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கடல் ஏறி வத்துறது எங்களுக்குத் தெரியும். சந்திரன் உங்கட மிசினையும் இழுக்குமோ?
(பருத்தித்துறை, கடற்றொழில் செய்யிற ஒருவர்)

ப: ஐயா, இழுக்குது! இப்ப இருக்கிற மிசினுக்கு முதல் அதே சுரங்கத்தில வேற ஒண்டு 1989இலயிருந்து 2000 மட்டும் ஓடினது, அதில துணிக்கையின்ர சக்தி நாளுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா மாறுது, ஏனெண்டு தலையைப் பிய்ச்சவை. கடைசியில பாத்தா சந்திரன். கடலை இழுக்கிற மாதிரி நிலத்தையும் இழுக்குது, ஜெனீவாப் பக்கம் நிலம் 25 சென்ரிமீற்றர் அளவில ஏறி இறங்கும், நிக்கிற எங்களுக்குத் தெரியாது, 27 கிலோமீற்றர் வட்டம் 1 மில்லிமீற்றர் நீளும், அந்த 1 மில்லிமீற்றர் மிசினுக்குத் தெரிஞ்சிட்டுது. இண்டைக்கும் இதை நினைச்சா எனக்கு மயிர் கூச்செறியும்.

கே: அக்கா, நான் ஏ.எல். கணிதம். இந்தத் துறைக்கு வர ஏலுமோ? யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு ஒரு துணிக்கையையாவது கண்ணால பாக்க ஏலுமோ?
(உரும்பிராய் மாணவி)

ப: வர ஏலும். இஞ்சத்தைப் பல்கலைக்கழகத்திலயே பௌதிகம் படிக்கலாம், செர்ன் அங்கத்துவம் இல்லாத நாட்டுப் பட்டப்படிப்பு மாணவரையும் கோடைகாலத்துக்கு எடுக்கிறது, விண்ணப்பிக்கலாம். அதுக்கு முதலே அங்க எடுத்த உண்மையான மோதல் தரவுகளை இணையத்தில ஆருக்கும் இலவசமாப் போட்டிருக்கினம், பைதன் எண்ட கொம்பியூட்டர் மொழி கொஞ்சம் தெரிஞ்சா வீட்டிலயிருந்தே திறந்து பாக்கலாம். இங்கிலீஷ் பயத்தில விட்டிடாதேங்கோ, அது ரெண்டு வருசத்தில வரும்.

கண்ணால பாக்கிறதுக்கு முகிலறை செய்யுங்கோ, துணிக்கை போன பாதை மெல்லிய முகில் கோடாத் தெரியிற பெட்டி அது. ஸ்கொட்லாந்தில மலையுச்சியில முகிலைப் பாத்து ஆசைப்பட்டு வில்சன் எண்டவர் செய்யத் தொடங்கினது, பிறகு 1932இல அண்டர்சன் எண்டவர் பொசித்திரனை (இலத்திரனின்ர எதிர்த்துணிக்கை) கண்டதும் முகிலறையிலதான், மேல சொன்ன பெற் ஸ்கான் அந்தப் பொசித்திரனாலதான் வேலை செய்யுது. ஒரு கண்ணாடித் தொட்டி, மேல்பக்கத்தில ஐசோப்ரொபைல் அல்ககோலில நனைச்ச தடிச்ச துணி, கீழ கறுப்புப் பூசின உலோகத் தட்டு, அதுக்குக் கீழ டிரை ஐஸ். டிரை ஐஸ் மைனஸ் 78 பாகை, வெறுங்கையால தொடக்கூடாது, கதவு யன்னல் திறந்து வைக்கவேணும், அல்ககோலுக்குக் கிட்ட நெருப்புக் கொண்டுபோகக்கூடாது, ஒரு ரீச்சரைக் கூட வைச்சுச் செய்யுங்கோ.

போன வருசம் ஒரு பள்ளிக்கூடத்தில செய்து காட்டினனான். லைற்றை நூத்துப்போட்டு ரோர்ச்சைப் பக்கவாட்டில பிடிச்சுக்கொண்டு பத்து நிமிசம் நிண்டம், ஒண்டும் இல்லை, பெடியள் கதைக்கத் தொடங்கிட்டாங்கள். பிறகு தட்டுக்கு மேல மெல்லிசா வெள்ளை நூல் மாதிரி ஒண்டு நேராக் கீறி, விழுந்து, கரைஞ்சு போச்சு. அது மியூவோன், அண்டக்கதிர் காற்றில மோதுறதால வாற துணிக்கை, 15 கிலோமீற்றர் உயரத்தில பிறந்து கூரையைத் துளைச்சு வந்தது, உள்ளங்கையை விரிச்சுப் பிடிச்சா செக்கனுக்கு ஒண்டு அளவில போய்க்கொண்டிருக்கும். அதைச் சொன்னவுடன முன்வரிசையில நிண்ட ஒரு பிள்ளை ஒண்டும் கதைக்காமல் தன்ர கையை விரிச்சுப் பாத்துக்கொண்டே நிண்டது, மணி அடிச்சும் போகேல்லை.