மது விற்றவருக்குப் பாராட்டு விழாவா?

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் மகனின் தெருவில், தாத்தா காலம் முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் பப்பின் உரிமையாளர் ஓய்வு பெறுகிறாராம். தெருவாசிகள் அவருக்கு விழா எடுக்கிறார்கள். என் மகனும் அதற்கு ஓடியாடி வேலை செய்கிறான். மது விற்றவருக்கு இத்தனை மரியாதை எதற்கு?

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானதே. குடியால் குலைந்த குடும்பங்கள் அங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பாராட்டுரை வாசிப்பது நேர்மையாகாது. ஆயினும் பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம் என்பதையும், அதை நடத்துபவரை அங்கே ‘லேண்ட்லார்ட்’, அதாவது வீட்டுக்காரர், என்றே அழைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மாடியில் தன் குடும்பத்தைக் குடிவைத்துக்கொண்டு, கீழ்த்தளத்தைத் தெருவுக்கே கூடமாகத் திறந்துவிட்ட வீட்டுக்காரர் அவர். வழக்கமாக வரும் முதியவர் இரண்டு நாள் வராவிட்டால் விசாரிப்பவராகவும், அளவு மீறியவரிடம் ‘போதும், வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லக்கூடியவராகவும் அவர் இருக்க வேண்டியிருக்கிறது. போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே மது விற்பது இங்கிலாந்தின் 2003 உரிமச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் சட்டத்தைக் காட்டாமலே, சொன்ன சொல்லுக்கு எதிரிலிருப்பவர் கட்டுப்படும்படி பேச, பல்லாண்டுப் பழக்கம் தேவை. என்னைக் கேட்டால், ஊற்றிக் கொடுத்ததைவிட ஊற்ற மறுத்ததற்காகவே அவரைப் பாராட்டலாம்.

குடும்பச் சொத்தாக ஒரு பப் நீடிப்பதும் எளிதன்று. பிரிட்டனில் நெடுங்காலமாகப் பெரும்பாலான பப்கள் மதுவடிப்பு நிறுவனங்களுக்கே சொந்தமாக இருந்தன. குத்தகைக்கு எடுத்தவர் அந்த நிறுவனத்தின் பீரையே வாங்கியாக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாதவற்றை ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்பார்கள். (இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பிப் போய்விட வேண்டாம்.)

பப்பைக் காக்க இன்று சட்டமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, இங்கிலாந்தில் ஒரு பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிட்டால், அது விற்பனைக்கு வரும்போது, வாங்க முன்வரும் உள்ளூர்க் குழுவுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். இப்படி முதலில் பட்டியலிடப்பட்ட, தென்கிழக்கு லண்டனின் ‘ஐவி ஹவுஸ்’ பப்பை உள்ளூர் மக்களே பங்கு சேர்த்து 2013இல் வாங்கினார்கள். 2015இல் அனுமதியின்றி இடிக்கப்பட்ட ‘கார்ல்டன் டேவர்ன்’ பப்பையோ, முன்பிருந்தபடியே கட்டித் தரும்படி வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் உத்தரவிட, அது 2021இல் மீண்டும் திறந்தது. செங்கல்லுக்கு இத்தனை ஏற்பாடு உண்டு. எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார், யாருடைய மரணச் செய்தி முதலில் எந்த மேசைக்கு வந்தது என்று நினைவில் வைத்திருக்கும் மனிதருக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆகவே உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: கேடயத்துக்குச் செலவிடுவதைவிட, அந்தக் குடும்பத்தை உட்காரவைத்து அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்வது நல்லது. நிலவறைப் பீப்பாய்களையும் கணக்கையும் கவனித்த மனைவியின் பெயர் பாராட்டுரையில் விடுபடக் கூடாது. விழா மாலையில் உரிமையாளரைக் கவுன்டருக்கு வெளியே அமர்த்தி, வேறொருவர் பரிமாறட்டும். அரைமணி நேரத்தில் அவரே எழுந்து காலிக் கோப்பைகளைச் சேகரிக்கத் தொடங்கினால் யாரும் தடுக்க வேண்டாம்.