பதினேழு முறை ஓமஹா

அன்புள்ள ஐயா,

மைக் மார்ட்டினைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அவர் அளவுக்கு ஜெயித்த பயிற்சியாளர் இல்லை என்கிறீர்கள். ஆனால் கல்லூரி அணிகளின் தேசிய இறுதிக் கட்டம் நடக்கும் ஓமஹா நகருக்கு 17 முறை போயும் ஒருமுறைகூடக் கோப்பையோடு திரும்பவில்லையே? முக்கியமான நேரத்தில் கோட்டைவிட்டவரை எப்படிப் பெரிய பயிற்சியாளர் என்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோப்பை அமையவில்லை என்பது உண்மை. 1986, 1999 ஆகிய இரு ஆண்டுகளிலும் கடைசி ஆட்டம் வரை வந்தார். 1999இல் மயாமியிடம் 6-5 என்று ஒரே ரன்னில் போனது. அதை நினைத்தால் எனக்கே இன்னும் ஆறவில்லை.

ஆனால் 'கோட்டைவிட்டவர்' என்பதை ஏற்க மாட்டேன். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் 2019 வரை 40 சீசன்கள் இருந்தார். 2,029 வெற்றி, 736 தோல்வி. பேஸ்பாலில் நல்ல அணியும் நிறையத் தோற்கும். தொழில்முறை லீக்கில் 162 ஆட்டங்களில் நூறு ஜெயித்தாலே பெரிய விஷயம். இவர் கிட்டத்தட்ட நான்கில் மூன்றை ஜெயித்தார். ஓமஹாவிலோ எட்டு அணிகள், இரண்டு தோல்வி வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பந்து வீசும் பிட்சரின் கை ஒரு மாலை சொன்னபடி கேட்கவில்லை என்றால் நான்கு மாத உழைப்பு போய்விடும்.

அப்புறம், கல்லூரிப் பயிற்சியாளரிடம் எந்தப் பையனும் நிலைத்து இருப்பதில்லை. மூன்றாம் ஆண்டு முடிந்ததுமே தொழில்முறை அணிகள் அழைத்துக்கொள்ளும். பஸ்டர் போஸியைப் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டராக வந்த பையன். இரண்டாம் ஆண்டில் அவரை கேட்சராக்கினார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனை இடம் மாற்றுவது சாதாரண முடிவு இல்லை. பிட்சரின் ஒவ்வொரு பந்தையும் குந்தி உட்கார்ந்து பிடிக்க வேண்டும், ஆட்டம் முழுவதையும் அங்கிருந்தே நடத்த வேண்டும். 2008இல் போஸியின் பேட்டிங் சராசரி .463, அதாவது நூறு வாய்ப்பில் 46 முறை வெற்றிகரமாக அடித்தார். அந்த மே மாதம் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்று ஆடினார். அந்த அணியும் ஓமஹாவில் வரிசையாக இரண்டு தோற்றுத் திரும்பியது. போஸி சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போய், அதே கேட்சர் இடத்தில் 2010, 2012, 2014 என்று தொழில்முறை லீக்கின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை மூன்று முறை வென்றார். மார்ட்டின் அடுத்த பிப்ரவரிக்குப் புதுப் பையன்களைத் தயார் செய்யப் போய்விட்டார். நாற்பது வருடமும் இதேதான். ஒரு சீசனில்கூட அணி 40 வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை, தேசியப் போட்டிக்குத் தேர்வாகாமலும் போகவில்லை.

கடைசி வருடம்தான் அது கைவிட்டுப் போகப் பார்த்தது. 2019 மே முடிவில் கையில் 36 வெற்றிதான். தேர்வுக் குழு கொடுத்ததும் கடைசி சில இடங்களில் ஒன்று. ஜார்ஜியாவில் மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்து லூசியானா ஸ்டேட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே சந்தித்தார்கள். முதல் ஆட்டத்தில் 40ஆவது வெற்றி வந்தது. இரண்டாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் வரை இழுத்தது, அதையும் 5-4 என்று ஜெயித்தார்கள். எழுபத்தைந்து வயதில், 17ஆவது முறையாக, மார்ட்டின் ஓமஹா போனார். ஆர்கன்ஸாஸை 1-0 என்று வென்றார்கள். பிறகு மிச்சிகனிடமும் டெக்ஸஸ் டெக்கிடமும் தோற்றார்கள். மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அடித்தது இரண்டே ரன்.

2024 பிப்ரவரி 1 அன்று அவர் மறைந்தார். அந்த ஜூனில் ஃப்ளோரிடா ஸ்டேட் மறுபடி ஓமஹாவில் இருந்தது. பயிற்சியாளர் லிங்க் ஜாரெட், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மார்ட்டினிடம் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். முதல் ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ் வரை 11-8 என்று முன்னால் இருந்தார்கள். டென்னஸி நான்கு ரன் எடுத்து 12-11 என்று ஜெயித்துவிட்டது.