பறவை பதில்கள்: ஐப்பசி விருந்தாளிகள்

மழைக்காலம் தொடங்கினால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதி "ஓர் அபூர்வப் பறவையைப் பார்த்தேன்" என்றுதான் ஆரம்பிக்கும். இந்த மாதமும் அப்படியே.

கேள்வி: அக்டோபர் இரண்டாவது வாரம், விடிகாலை. சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு குருவி பதுங்கியிருந்தது. பச்சை முதுகு, வயிற்றுக்கு அடியில் ரத்தச் சிவப்பு, வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. யாரோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி தப்பி வந்துவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கிளியும் இல்லை, வெளிநாடும் இல்லை அம்மா. அது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதனால் அந்தப் பெயர். பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் தெற்கே கிளம்பும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வரும். பயணமெல்லாம் ராத்திரியில்தான். களைத்துப்போய் விடியும் நேரத்தில் கீழே இறங்கும்போது, எரியும் விளக்கைப் பார்த்துக் குழம்பி, திறந்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் அக்டோபரில் எனக்கு இப்படி இரண்டு மூன்று கடிதமாவது வரும். பறவை அபூர்வம் இல்லை. அது உங்கள் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்ததுதான் அபூர்வம்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை வந்திருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்தில். "ஐயோ, யாரோ வாலை வெட்டி விட்டுட்டாங்களே" என்று என் மனைவி கண் கலங்கிவிட்டாள். அதன் வாலே அவ்வளவுதான் என்று நம்பவைக்கப் படம் காட்ட வேண்டியதாயிற்று. பழைய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் பருத்தித் துணி விரித்து, குருவியை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத அறையில் வைத்தோம். அரிசி போடவில்லை, அது புழு பூச்சி தின்னும் ஜாதி. வாயில் தண்ணீர் ஊற்றவும் இல்லை. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை செத்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்குக் கொல்லை மாமரத்தடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்தேன். பறக்கவில்லை. இரண்டு தத்து தத்தி, ஒரு சருகை அலகால் புரட்டி, மண்புழுவை இழுத்து விழுங்கியது. அப்புறம்தான் அந்தத் துண்டு வாலை மேலும் கீழும் ஆட்டியது. மூன்று நாள் கொல்லையிலேயே இருந்தது. நாலாம் நாள் பக்கத்துத் தெருப் பூனை வேலியோரம் உலாவுவதைப் பார்த்தேன். அதன்பின் விசில் கேட்கவில்லை. பூனையா, பயணமா என்று இன்றுவரை தெரியாது.

உங்கள் குருவிக்குச் சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள் மொட்டைமாடியில் ஒரு பறவை கிடந்தது. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, கத்தரிக்கோல் மாதிரி வால். நீர்ப்பறவை என்று நினைத்து ஊசுட்டேரிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டோம். நீந்தவே இல்லை, கரையேறி உட்கார்ந்துவிட்டது. ஏன்?
— வாசகர், வில்லியனூர்

பதில்: மனம் நல்ல மனம், செய்த காரியம்தான் தப்பு. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த அந்தப் புயல், நடுக்கடலில் திரியும் பறவையை உங்கள் மாடியில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளம் ஆலா இனத்துக்குப் பொருந்துகிறது. முதுகு கறுத்த ஆலா நம் பக்கக் கடலில் இரண்டு உண்டு: சூட்டி டெர்ன், பிரைடில்ட் டெர்ன். நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிட்டால் முதலாவது. புருவம் மாதிரி கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் இரண்டாவது. படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள்.

சூட்டி டெர்னாக இருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அதன் இறகில் இருக்கிறது. வாத்துக்கு இருப்பது போல் தண்ணீர் ஒட்டாத இறகு அதற்குக் கிடையாது. மிதந்தால் நனைந்துவிடும். அதனால் குஞ்சுப் பருவம் முடிந்து கடலுக்குக் கிளம்பினால் வருடக்கணக்காகக் காற்றிலேயே காலம் தள்ளும். முட்டையிடத்தான் தீவுக்குத் திரும்பும். லட்சத்தீவில் பட்சிப்பிட்டி என்ற மணல்திட்டில் அவை கூட்டமாக முட்டையிடுகின்றன.

அடுத்த முறை பெட்டிதான், ஏரி இல்லை. துணியைப் போர்த்தித் தூக்குங்கள். வெறுங்கையால் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அலகு கூர்மை, முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: நவம்பரில் குறிஞ்சிப்பாடி பக்கம் கரன்ட் கம்பியில் சாம்பல் நிறச் சின்னப் பருந்து ஒன்றைப் பார்த்தேன். அமூர் வல்லூறுதானே?
— கல்லூரி மாணவர், வடலூர்

பதில்: தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் காது சிவந்துவிட்டது. காரணம் பிறகு சொல்கிறேன்.

அமூர் வல்லூறு கிழக்கு சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் குஞ்சு பொரித்து, தென்னாப்பிரிக்கா வரை போகும் பறவை. புறா அளவுகூட இல்லை. வழியில் அக்டோபர், நவம்பரில் நாகாலாந்திலும் மணிப்பூரிலும் லட்சக்கணக்கில் இறங்கி ஈசலையும் பூச்சியையும் தின்று கொழுக்கும். 2012-ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே வலை கட்டி அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிடித்த படங்கள் வெளியாகி ஊரே கொதித்தது. அந்தக் கிராமத்தாரே முன்வந்து மறு ஆண்டு வேட்டையை நிறுத்தினார்கள். 2013-ல் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்தி என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். நாகாலாந்தை விட்டால் தென்னிந்தியாவின் மேலாகப் பறந்து, அரபிக்கடலையும் ஒரே மூச்சில் தாண்டி ஆப்பிரிக்காவில்தான் இறங்கும். ஆகவே நம் தலைக்கு மேல் போவது நிஜம். கம்பியில் உட்கார்ந்து உங்களுக்குத் தரிசனம் தருவது வேறு விஷயம்.

இப்போது காது சிவந்த கதை. சில ஆண்டுகளுக்கு முன் பெருமாள் ஏரிக்கரையில், பொழுது சாயும் நேரத்தில், சூரியனுக்கு எதிர்த்திசையில் நின்று சாம்பல் பறவை ஒன்றைப் படம் எடுத்தேன். நவம்பர் மாதம், சாம்பல் நிறம், மின்கம்பம். வேறென்ன வேண்டும்? அமூர் வல்லூறு என்று அன்றிரவே புதுச்சேரி நண்பர்கள் இருவருக்குச் சொல்லிவிட்டேன். பாவம், முதல் பஸ் பிடித்து வந்தார்கள். அதே கம்பத்தில் அதே பறவை, காலுக்கடியில் பாதி தின்ற ஓணான். நண்பர் பைனாகுலரை இறக்காமலே, "சார், கண்ணைப் பாருங்க" என்றார். கண் செக்கச்செவேல். ஊர்க்கோழிக்குஞ்சை ஏமாற்றித் தூக்கும் நம் உள்ளூர் வல்லூறு. அன்றைக்குப் பொங்கல், வடை, காபி எல்லாம் என் செலவு.

ஆக, மூன்று விஷயம் பாருங்கள். கண் கறுப்பா, சிவப்பா? உட்கார்ந்திருக்கையில் மடக்கிய இறக்கையின் நுனி வால் நுனியை எட்டுகிறதா, பாதி வாலோடு நிற்கிறதா? பறக்கையில் உள்ளிறக்கையில் வெள்ளை தெரிந்ததா? கறுப்புக் கண், எட்டும் இறக்கை, உள்ளே வெள்ளை, கூடவே ஆரஞ்சுக் கால் என்றால் ஆண் அமூர். தேதி, நேரம், இடம், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பெயரைக் கடைசியில் எழுதலாம். நான் செய்தது தலைகீழ்.

கேள்வி: உப்பனாற்று முகத்துவாரத்தில் செத்துக்கிடந்த ஓர் உள்ளானின் காலில் உலோக வளையம். என்ன செய்வது?
— மீனவர், கடலூர் முதுநகர்

பதில்: எண்ணையும் எழுத்தையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அவர்களுக்கே எழுதுங்கள். கோடியக்கரையில் நெடுங்காலமாக வளையம் போடுகிறவர்கள் அவர்கள்தான். உயிரோடு இருக்கும் பறவையின் காலில் இருந்தால் கழற்றவே கூடாது.

கேள்வி: மழை நன்றாகப் பெய்த வருஷம் ஏரியில் பறவையே குறைவாக இருக்கிறதே?
— வாசகி, பாகூர்

பதில்: ஏரி நிரம்பிவிட்டால் உள்ளானுக்குக் கால் எட்டாது. சுற்றியுள்ள குட்டை, வயல் எல்லாவற்றிலும் தண்ணீர் இருப்பதால் கூட்டம் பிரிந்துபோகும். தை, மாசியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது போய்ப் பாருங்கள்.

கேள்வி: இலையுதிர்காலத்து வலசை என்கிறீர்களே, நமக்கு அப்படி ஒரு காலம் இருக்கிறதா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நல்ல குத்து. அது அவை புறப்படும் ஊரின் காலம். நமக்கு ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. என் நோட்டுப்புத்தகத்தில் இந்த வருஷத்து முதல் வரி: ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கெடிலம் பாலத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் குடம் ஒன்றின் மேல் ஒற்றை உள்ளான், பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு.